டேப் அக்காவின் பெயர்

பதினொரு வருடமாக அவள் செய்தது உரிக்கும் வேலை. கிராஃபைட் துண்டின் மேல் டேப்பை ஒட்டிப் பிய்ப்பாள். பிய்த்ததை மறுபடி மடித்து ஒட்டிப் பிய்ப்பாள். பென்சிலில் இருக்கிற அதே கரிதான். அடுக்கடுக்காக, ஒட்டியும் ஒட்டாமலும் கிடப்பதால்தான் தேய்த்தால் காகிதத்தில் வந்துவிடுகிறது. அதில் ஒரே ஒரு அடுக்கு தனியாகக் கழன்றால் அது கிராஃபீன். எஃகைவிட உறுதி, கண்ணாடியாய்த் தெளிவு, மின்சாரம் பறக்கும். கூட்டத்தில் கிடந்தால் பென்சில், தனித்து வந்தால் ராஜா. மனிதர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்பார்கள். நுண்ணோக்கியில் ஒற்றை அடுக்கு லேசான ஊதாவாகத் தெரியும். இரட்டை அடுக்கு ஒரு மயிரிழை கூடுதல் கருமை. அடுக்கை எண்ணும் கருவி சொல்வதற்கு முன் அவள் கண் சொல்லிவிடும். அந்தக் கண்ணை வைத்து ஏழு பேர் டாக்டர் பட்டம் வாங்கினார்கள். ஒரு கட்டுரையிலும் அவள் பெயர் இல்லை. ஒரே ஒரு தடவை அதை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

ஒரு நாள் அந்தக் கருவி பழுது. பேராசிரியர் அவசரத்தில் இருந்தார்.

"சார், இது ரெண்டு அடுக்கு."

"நாளைக்குக் கட்டுரை போகணும்மா. மாதிரிப் பெட்டி மேல ஒண்ணுன்னு எழுது. இந்தத் தடவை உன் பேரும் வரும்."

எழுதினாள். ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

கட்டுரை வந்தது. அவள் பெயர் இல்லை. "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் பேராசிரியர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஆறு மாதத்தில் வேறொரு ஆய்வுக்கூடம் அதே சோதனையைச் செய்துவிட்டு, இது இரட்டை அடுக்கு என்று போட்டு உடைத்தது. பேராசிரியர் அவள் கையெழுத்து இருந்த அந்தப் பெட்டியைப் படமெடுத்து, கட்டுரை வந்த பத்திரிகைக்கு அனுப்பினார். திருத்தம் வெளியானது: மாதிரியைத் தவறாகக் குறித்தவர் ஆய்வுக்கூட உதவியாளர். பக்கத்திலேயே அவளுடைய முழுப் பெயர், இனிஷியலோடு. டேப் அக்காவுக்கு இப்படி ஒரு பெயர் உண்டென்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

நாசமாய்ப் போக என்று மனதுக்குள் சபித்தாள். வாய்விட்டுச் சொன்னால் வேலையும் போகும்.

வீட்டில் அவள் திருத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த போனைக் கணவன் வாங்கிப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் புரியாது; மனைவியின் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அட, உன் பேரு வந்துடுச்சு! சொல்லவே இல்ல பாத்தியா?"

அவள் எழுந்து தடுப்பதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் அவன் குரல் கேட்டது.