தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவள்

சங்கரம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறாள். உள்ளே யாரும் இல்லை. பூட்டு வெளியே தொங்குகிறது. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. இருந்தாலும் இரண்டு தட்டு தட்டி, "நான்தான், வீட்டுக்காரி" என்று சொல்லி, ஒரு மூச்சு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறாள்.

பார்த்தவர்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள். "கை பழகிப்போச்சு. நான் என்ன செய்ய?"

குற்றாலத்தில் ஆனி பிறந்துவிட்டால் பல பேர் சொந்த வீட்டில் இருப்பதில்லை. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வீட்டை விட்டுவிட்டு எங்காவது ஒண்டிக்கொள்வார்கள். சங்கரம்மாள் ஒண்டுவது கொல்லையிலுள்ள தொழுவில். மாடு போய் வெகுகாலமாகிறது. அதைக் கட்டியிருந்த முளை மட்டும் மிச்சம். அதன்மேல் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வைப்பாள். கணவர் காலமான வருஷத்திலிருந்து இந்தக் குடிமாற்றம் நடக்கிறது. அந்த நாட்களில் ஒரு பாத்திரம் எடுக்க உள்ளே போவதானாலும் கதவைத் தட்டி, உள்ளேயிருந்து "யாரது?" என்று கேட்கும்வரை நிற்கவேண்டும். சாரல் வாடகைதான் அவளுக்கு வருஷத்து நெல்.

தொழுவில் படுத்தபடியே வீட்டைக் காதால் பார்த்துக்கொண்டிருப்பாள். "மச்சுப்படியில ஏறுதது கனத்த ஆளு. கைப்பிடியைப் பிடிக்காம ஏறுதாரு, விழப்போறாரு பாரு" என்பாள். சொன்ன மாதிரியே உள்ளே தடால் என்று ஒரு சத்தம் கேட்கும். வந்தவர்கள் மறந்துவிட்டுப் போகும் சீப்பு, தைலக்குப்பி, ஒற்றைச் செருப்பு எல்லாம் அவளிடம் பத்திரமாக இருக்கும். அடுத்த சாரலுக்கு அவர்கள் வந்தால் எடுத்து நீட்டுவாள். வராவிட்டாலும் தூசி தட்டி வைப்பாள்.

சாரலை மழை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வெயில் இருக்கும்போதே தூறும். மலையிலிருந்து மேகம் இறங்கி, வாழைகளுக்கு நடுவில் புகுந்து, கொடியில் கிடக்கும் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். அடுப்பில் விறகு எரியாது. புகை மட்டும் எழுந்து மேகத்தோடு சேர்ந்துகொள்ளும். தூரத்தில் அருவி யாரோ தூக்கத்தில் பேசுவது போல் இரைந்துகொண்டே இருக்கும். இத்தனையும் அறிந்த சங்கரம்மாளுக்குத் தன் வீட்டு ஓட்டில் சாரல் விழும் சத்தம் மட்டும் மறந்தே போயிற்று. தொழுவுக்கு ஓலைக் கூரை. ஓலையில் சத்தம் வராது, ஈரம்தான் வரும்.

"கனவுல கூட நான் தொழுவுலதான் கிடக்கேன்" என்றாள் ஒருநாள். "வீட்டுக்குள்ள யாரோ சிரிக்காங்க. யாருன்னு பாக்கப் போறேன். தட்டுதேன், தட்டுதேன், விடிஞ்சிருது."

யுத்தம் வந்தபிறகு தென்காசிப் பக்கம் வீடு என்பது கேட்டுக் கிடைக்கிற பொருளாக இல்லை. ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஒரு பக்கம், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் ஒரு பக்கம். சாவடியிலும் வண்டிப்பேட்டையிலும் அடுப்பு புகைகிறது. அப்படி ரங்கூனிலிருந்து வந்தவள் முத்துவடிவு. அவள் புருஷனுக்குச் செங்கோட்டையில் மர அறுவை வேலை. இருவருக்கும் சங்கரம்மாள் போன ஐப்பசியில் வீட்டின் பின்கட்டைக் கொடுத்திருந்தாள். "ஆனி பிறந்தா காலி பண்ணிரணும்" என்பது பேச்சு.

வைகாசி முடியும்போது முத்துவடிவுக்கு மாதம் நிறைந்திருந்தது. தென்காசியில் தெருத்தெருவாக வீடு தேடிவிட்டு நனைந்துபோய் வந்து நின்றாள்.

"ஒண்ணும் அமையல, சித்தி. தொழுவுல நாங்க இருந்துக்கிடட்டுமா?"

"தொழுவுல நீ இருந்தா நான் எங்கன போய்ப் படுக்க? முளையிலயா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு, சங்கரம்மாள் தலைதுவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பஞ்சாயத்து போர்டு மெம்பர் பலவேசம் வந்தார். மாகாணத்தில் புது மந்திரிசபை வந்ததிலிருந்து அவர் சட்டையில் கஞ்சி கூடியிருந்தது.

"சங்கரம்மா, மெட்ராஸ்லயிருந்து ஒரு கமிட்டி வருது. பெரிய ஆளுகளுக்கு பங்களா ஏற்பாடு ஆயிட்டு. கூட வாறவங்களுக்கு உன் வீடு வேணும்."

"என்ன கமிட்டி, அண்ணாச்சி?"

"வீட்டுப் பஞ்சத்தைப் பத்தி விசாரிக்க."

"அவங்களுக்கே வீடு கிடைக்கலன்னா விசாரணை முடிஞ்சு போச்சுல்லா? அப்படியே எழுதிக்கிட்டுத் திரும்பிப் போகச் சொல்லுங்க."

பலவேசம் சிரிக்கவில்லை. "விளையாடாத. சாரல்ல நீ வீட்டை விடுதது வழக்கம்தான?"

"பின்கட்டுல பிள்ளைத்தாச்சி இருக்கா. அவளை எங்கன அனுப்ப?"

"கமிட்டிகிட்ட மனு கொடுக்கச் சொல்லு. மனை ஒதுக்குவாங்க."

"மனை ஒதுக்குத வரைக்கும் பிள்ளை வயித்துலயே இருக்குமா?"

பலவேசம் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். குரல் மாறியது. "இன்னொண்ணும் சொல்லுதேன். அந்தத் தொழுவு மாடு கட்டுததுக்குப் போட்டது. அதுல மனுஷர் குடியிருக்கப்படாது. போர்டு நினைச்சா நோட்டீஸ் ஒட்டிப் பிரிச்சுப் போட்டிரும். பாத்துக்கோ."

அவர் போனபிறகு சங்கரம்மாள் தொழு வாசலில் போய் நின்றாள். தூறல் விட்டு விட்டுப் பெய்தது. ஓலை நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தது. அது விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி முதல் தேதி காலையில் பாயும் தலையணையும் செம்புமாக அவள் கொல்லையில் நடந்ததை அக்கம்பக்கத்தார் வழக்கம்போல் பார்த்தார்கள். நடந்த திசைதான் வழக்கமில்லாதது. முன்கூட்டியே தொழுவில் கொண்டுபோய் வைத்திருந்த சாமான்களை அவள் வீட்டுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தாள்.

செய்தி கேட்டுப் பலவேசம் வேகமாக வந்தார். "இது என்னம்மா புதுசா?"

"தொழுவுல மனுஷர் குடியிருக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னிய? போர்டு சொன்னாக் கேக்கணும்லா, அண்ணாச்சி?"

"அதுக்காக? வருஷத்து நெல்லுக்கு என்ன செய்வ?"

அந்தக் கேள்வி அவளைத் தொட்டது. தலையணையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கஞ்சியாக் குடிப்பேன்" என்றாள். பிறகு, "நீங்க குடிக்காமலே கஞ்சி போடுதியளே" என்று அவர் சட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

கமிட்டி வந்த அன்று மத்தியானம் சாரல் இறங்கியது. முத்துவடிவு பின்கட்டில் உறங்கிக்கொண்டிருந்தாள். சங்கரம்மாள் கூடத்தில் பாயை விரித்து மல்லாந்து கிடந்தாள். ஓட்டின்மேல் சத்தம் ஒரே மாதிரி இல்லை. மச்சுப் பக்கம் ஒரு விதம், தாழ்வாரத்தில் ஒரு விதம், உடைந்த ஓட்டருகே விரலால் சொடுக்குவது போல் வேறு விதம். தொழுவிலிருந்து மனிதர்களைக் காதால் தொடர்ந்தவள் இப்போது சாரலை அறை அறையாகத் தொடர்ந்து போனாள். சில இடங்களில் கண் செருகியது. அருவி இரைச்சலும் ஓட்டுச் சத்தமும் ஒன்றாகி, வீடு மெல்ல நகர்ந்து போவது போலிருந்தது.

கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு. வெளியே பெட்டியை இறக்கி வைக்கும் ஓசை கேட்டது. பலவேசத்தின் குரல் யாரிடமோ, "கொஞ்சம் பொறுங்க, ஸார். பேசிக்கிடலாம்" என்றது.

சங்கரம்மாள் பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தலையணையைப் புரட்டிப் போட்டு மறுபடியும் சாய்ந்தாள். சாரல்காரர்கள் அவளை வெளியே நிறுத்தி வைத்திருந்த அளவுக்கு ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, படுத்தபடியே கேட்டாள்:

"யாரது?"