கறியில்லாத கறிக்குச் சாட்சி

சாண்ட்விச் தொழிலில் ரொட்டி யாரையும் காட்டிக்கொடுக்காது. நடுவில் வைப்பதுதான் மானத்தை வாங்கும். கடை போட்டு, வாடிக்கையாளர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றவர்கள் உங்களில் இருந்தால் நீங்கள் என் கட்சி.

தொண்ணூறுகளில், மைசூர் மண்டி மொஹல்லாவில், மாதப்பா என்பவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அக்காவும் நானும் கடை வைத்திருந்தோம். மேலே அவரும் அவர் மனைவியும். சுத்த சைவம். இடம் கொடுத்தபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: முட்டைகூட உள்ளே வரக்கூடாது, வந்தால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

எலும்பு தேடியவர்

அக்கா கண்டுபிடித்த சரக்கு மீல்மேக்கர் சாண்ட்விச். சோயா உருண்டைகளை உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, பச்சை வாடை போக ஒட்டப் பிழிந்து, கொத்தி, வெங்காயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்போடு வதக்குவாள். ரொட்டிக்கு நடுவில் வைத்து, கைப்பிடி டோஸ்டரை அடுப்பில் இரண்டு புரட்டு புரட்டினால் முடிந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர் பஸ் வருவதற்குள் தின்றுவிடலாம். மலிவு வேறு.

எதிரே ஸ்கூட்டர் பழுது பார்க்கும் ரஹீம் பாய் முதல் நாளே வந்தார். பாதி தின்றதும் ரொட்டியைப் பிரித்து உள்ளே பார்த்தார். "கறி இல்ல பாய்" என்றேன். என் குரல் அவர் காதுவரை போகவில்லை. மறுபடி சொன்னேன். மீதியையும் மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "எலும்பில்லாத கறி தின்னிருக்கேன் தம்பி. கறியில்லாத கறிய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

கைக்குட்டை

பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், மாதப்பா வீட்டுக்குப் பழக்கமானவர், சைவக் கடை என்று நம்பி ஒன்று வாங்கினார். ஒரு கடி. மெல்லுவது பாதியில் நின்றது. "இது என்னது?" என்று கண்ணாலேயே கேட்டார்.

சோயா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டைவரை வந்த வார்த்தை, நின்றிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததும் கீழே இறங்கிவிட்டது. டீச்சர் கைக்குட்டையில் துப்பிக்கொண்டு மாடி ஏறினார். எங்கள் தலைக்கு மேல் ஒவ்வொரு படியாக அவர் செருப்புச் சத்தம் ஏறியது. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "சோயாவோட சேத்து உன் குரலையும் பிழிஞ்சு ஊத்திட்டேனாடா?"

சாட்சி

மாதப்பா இறங்கி வந்தார், பின்னால் டீச்சர். "பட்டை கிராம்பு வாசனை மேலே வரும்போதே நினைச்சேன்" என்றார் கன்னடத்தில். அக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. "கறியா இருந்தா எந்தம்பி தொடுவானா? டேய், எல்லாரும் பாக்கச் சாப்பிடு" என்று ஒரு சாண்ட்விச்சை என் கையில் திணித்தாள்.

எங்கள் தாத்தா சொல்லும் கதைகளில், பழி விழுந்தவன் நெருப்பைக் கையில் எடுத்துத் தன்னை நிரூபிப்பான். எனக்குக் கிடைத்தது டோஸ்ட். ஊரே பார்க்க மென்றேன். விழுங்குவதற்குள், எனக்கு உதவத்தான், ரஹீம் பாய் ஸ்பேனரோடு ஓடி வந்தார். அதே கன்னடத்தில் சத்தமாகச் சாட்சி சொன்னார்: "தம்பிக்கு ருசி தெரியும் சார். ஞாயித்துக்கிழமை மட்டன் கடை வரிசையில எனக்கு முன்னாடி நின்னு, தொடைக்கறியாக் கேட்டு வாங்குவான்."

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்படியே வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

வெந்நீர்

அக்காதான் சமாளித்தாள். காய்ந்த உருண்டைகளை மாதப்பா உள்ளங்கையில் கொட்டிக் காட்டினாள். கூழாங்கல் மாதிரி கலகலத்தன. பிறகு அவர் கண்ணெதிரே வெந்நீரில் போட்டாள். அவை உப்பிப் பஞ்சாவதைப் பார்த்து டீச்சர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். மாதப்பா மட்டும் ஒன்றை எடுத்துப் பிழிந்து, மசாலா இல்லாமல், வெறுமனே மென்றார். மென்றுகொண்டே இருந்தார். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தீர்ப்பு வந்தது: "இதில கறியும் இல்ல, ருசியும் இல்ல. கடை இருக்கட்டும்."

படிக்குக் கீழே

சில நாள் கழித்து, அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், மாதப்பா மட்டும் இறங்கி வந்தார். மாடியில் பூஜை மணி கேட்டுக்கொண்டிருந்தது. மசாலா போட்டதே ஒன்று வேண்டும் என்றார். படிக்குக் கீழே குனிந்து நின்று முழுசாகத் தின்று, விரலைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நிஜக் கறியும் இப்படித்தான் இருக்குமா? உனக்குத்தான் தெரியுமே."

காது மடல் சுட்டது. மட்டன் கடை வரிசையில் மறுபடி என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது போல இருந்தது. ஆனாலும் இந்த ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "இதைவிட நல்லா இருக்கும் சார்" என்றேன். எனக்கே கேட்கிற அளவுக்குக் குரல் வந்தது.

மாதப்பா சட்டென்று மாடியைப் பார்த்தார். "மெதுவாப் பேசப்பா. மேல அவளுக்குக் கேக்கும்."

உரக்கச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அடைத்துக்கொண்ட என் தொண்டை, ஒரு சைவரிடம் கறியின் ருசியைச் சொல்லும்போது மட்டும் திறந்துகொண்டதுதான் அந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம்.