முப்பத்தாறாம் தெரு வீட்டுக்காரர்

ராயபுரத்தில் பால் நடந்து வருகிறது. ரங்கூனில் இன்னும் இருக்கும் நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். விடியற்காலையில் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து, வைக்கோல் திணித்த கன்றுத் தோலை அதன் முன்னால் நிறுத்தி, நம் செம்பில் நம் கண்ணெதிரே கறந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாம். நான் டப்பாப் பால் ஊற்றிய கெட்டித் தேநீரில் வளர்ந்தவள். இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும், அந்த மாடு என்னை ஒரு பார்வை பார்த்தால் செம்போடு கூசிப்போய்த்தான் நிற்கிறேன். ஐயாவுக்கு அது தினசரி வேடிக்கை. "பால்காரன் மாட்டைக் கூட்டிட்டு வாரான். அரிசிக்காரன் வயலைக் கூட்டிட்டு வருவானாட்டி?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

ஐயா என்பது என் தகப்பனார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மீசை முளைக்கும் முன்பே ரங்கூனுக்குக் கப்பலேறியவர். கடைப் பையனாக இருந்து, சொந்தக் கடை வைத்து, முப்பத்தாறாம் தெருவில் இரண்டு மாடிக் கட்டடமே கட்டிவிட்டார். கீழே மளிகைக் கடை, மேலே நாங்கள். எங்கள் வியாபாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்லாவில் உட்கார்ந்தவன் வாயில் 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. சரக்குத் தீர்ந்துவிட்டால் "நாளைக்கு வரும்" என்பார்கள், "வண்டியில வந்துக்கிட்டிருக்கு" என்பார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அம்மா "நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்லுவாள். அந்தச் சொல் காதில் விழுந்தால் லட்சுமி படியிறங்கிவிடுவாள் என்று பயம். எதிர்க் கடை பர்மியர் "மஷிபு" என்று, அதாவது இல்லை என்று, சட்டென்று கையை விரித்துவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொள்வார். ஐயா பர்மிய மொழியில் சண்டை போடுவார், பேரம் பேசுவார், ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் வாயால் நான் கேட்டதே கிடையாது.

ஜப்பான்காரன் குண்டு விழுந்த வருஷம் கடையைச் சாத்திவிட்டு நடக்கத் தொடங்கினோம். ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஊறுகாய் ஜாடியைக்கூட மேலே தூக்கி வைத்துவிட்டு வந்தாள் அம்மா. மலைப்பாதையில் அவளைக் காலராவுக்குக் கொடுத்தோம். எத்தனையோ பேரின் கதைதான் இது, உங்களுக்குத் தெரியாததில்லை. ராயபுரத்துக்கு வந்து சேர்ந்ததும், கல்மண்டபத்தில் ஒரு சொந்தக்காரரின் மண்டியில் ஐயா மூட்டை நிறுத்தார். எனக்குத் திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தாய்நாடு என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்த இந்த ஊரில், எங்களை 'ரங்கூன்காரங்க' என்று கூப்பிட்டார்கள். ரங்கூனிலோ நாங்கள் 'கலா', அதாவது அந்நியர்கள். அடேயப்பா, எந்த ஊரில்தான் எங்களை ஊர்க்காரர்கள் என்பார்கள்!

ஒரு நாள் காலை பால்காரன் வரப் பிந்திவிட்டது. நான் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, பால் வாங்க எழுந்த ஐயா வாசற்படியிலேயே விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள்தான் பார்த்தாள். மீன் விற்கிறவள். புருஷன் கடலுக்குப் போகிறவன். கூடையை அப்படியே போட்டுவிட்டுத் தொழிற்சாலை வாசலுக்கே ஓடி வந்தாள். "பொண்ணு, உங்க நைனா வியுந்துகினு கெடக்குதும்மா! ஒரு பக்கம் கையி காலு அசையல. வா, வா, நின்னுகினு இருக்காத!" என்று அவள் போட்ட சத்தத்தில் காவல்காரன் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். உயிரும் பேச்சும் மிஞ்சின. இடது கையும் காலும் போயின.

அதன்பிறகு இருந்த இருப்பைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காலை ஆறரைக்குப் போனால் மாலை வரை அவர் தனியே கிடப்பார். மத்தியானம் கன்னியம்மாள் வந்து புரட்டிப் போடுவாள், கஞ்சி ஊட்டுவாள். சாயங்காலம் நான் குளிப்பாட்டும்போது ஐயா கண்ணை இறுக்க மூடிக்கொள்வார், முடியும் வரை திறக்கவே மாட்டார். ஒரு நாள் மூடிய கண்ணோடே சொன்னார். "ஏட்டி, ஆம்பளையாளு பாக்குற எடமா ஒண்ணு பாத்து என்னைய விட்டுரு. மகக் கையால இது வேண்டாம்ட்டி." அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

திருவொற்றியூர் போகும் வழியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் விடுதி ஒன்று இருந்தது. ஒன்றும் இல்லாதவர்களுக்கு அங்கே எல்லாம் இலவசம். சொத்து உள்ளவர்கள் மாதா மாதம் கட்டணம் கட்டவேண்டும். சொத்து உண்டா இல்லையா என்பதைப் பெரியவரே சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும், பிள்ளைகள் பேச்சு எடுபடாது. நான் ஐயாவுக்கு மூன்று நாள் பாடம் நடத்தினேன். "சொத்து கேப்பாங்க. தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்" என்றேன். நல்ல பிள்ளை மாதிரி "சரி, சரி" என்றார்.

விடுதியில் பேர் பதிகிற ரைட்டர் ராயபுரத்து ஆள். சேர்ப்புத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, "இன்னா பெர்சு, நெலம், வூடு, நகைநட்டு ஏதாவது கீதா?" என்று கேட்டார். ஐயா மேலே கூரையைப் பார்த்தார். நான் அவர் தோளை மெல்ல அழுத்தினேன்.

"ரங்கூன்ல முப்பத்தாறாம் தெருவுல ரெண்டு மாடிக் கட்டடம் இருக்கு. தேக்கு மரப் படி. எழுதிக்கிடுங்க" என்றார் ஐயா.

"யப்பாடி! நம்ம பெர்சு பெரிய கைதான்!" என்று ரைட்டர் சந்தோஷமாக எழுதினார். அவருக்கென்ன, எனக்கல்லவா தலையில் இடி விழுந்தது. தலைமைச் சகோதரியை எல்லாரும் மதர் என்பார்கள். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரி, வேதப் புத்தகத்தில் தமிழ் படித்தவர். "உமக்கு உடைமை உண்டாயிருக்கிறபடியால், நீர் கட்டணம் செலுத்தக் கடவீர்" என்றார் ஐயாவிடம். ஐயா இடது கை கிடந்த கிடையிலும் நிமிர்ந்து, "அதுக்கென்ன, கட்டிருவோம்" என்றார். அந்தக் கட்டணம் என் சம்பளத்தில் பாதி. வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் நான் காற்றைத்தான் குடிக்கவேண்டும். இரண்டு நாள் அவகாசம் கேட்டு, ஐயாவை வீட்டுக்கே திருப்பிக் கூட்டிவந்தேன்.

இங்கேதான் உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். அந்தக் கட்டடம் இல்லை. யுத்தம் முடிந்த கையோடு, எங்கள் கடைக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தவர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். தெருவின் அந்த வரிசை முழுவதும் எரிந்துவிட்டது, சர்க்கார் குத்தகை நிலமும் கைமாறிவிட்டது, இப்போது அங்கே கொய்யா மரம் ஒன்று நிற்கிறது, பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். ஐயாவுக்குக் காட்டவில்லை. பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தேன். அப்புறம் காட்டலாம், அப்புறம் காட்டலாம் என்று ஏழு வருஷம் ஓடிப்போயிற்று.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மதரிடம் தனியே போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். "மகளே, இது உண்மையானால் உன் தகப்பனுக்கு இலவசமாகவே படுக்கை உண்டு. இதை அவருக்கு வாசித்துக் காட்டு. உடைமை இல்லை என்று அவர் ஒப்பமிட்டால் போதும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரே ஒரு கையெழுத்து. எங்கள் கஷ்டம் அத்தோடு தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து ஐயா பக்கத்தில் உட்கார்ந்தேன். கடிதம் இடுப்பில் இருந்தது. "ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள், "நானே கேக்கணும்னு நெனச்சேன். மாடியில ஒங்கம்மா வச்ச மல்லியக் கொடிக்கு இப்ப யாரு தண்ணி ஊத்துதாவ?" என்றார். கேலியில்லை, நடிப்பில்லை. நேற்றுத்தான் விட்டுவந்தது போலக் கேட்டார். அம்மா அந்தக் கொடிக்கு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுவாள். கம்பியில் படர்ந்து, மாலையில் தெருவரைக்கும் மணக்கும். ஐயாவுக்காகத்தான் மறைக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். பொய். எனக்கும் அந்த வீடு வேண்டியிருந்தது. அவர் வாயால் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அப்புறம் அம்மா எந்த மாடியில் நிற்பாள்?

"குடியிருக்கவிய ஊத்துதாவ ஐயா" என்றேன்.

"குடி வச்சிருக்கியா! வாடகை ஒழுங்கா வருதா?"

"வருது."

"அப்போ எதுக்குட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அதுல கட்டு, விடுதிக்கு!"

மறுநாள் மதரிடம் போய், கட்டணம் கட்டுகிறேன் என்றேன். தகப்பனுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அஞ்சாதே, நானே அவரிடம் பேசுவேன்" என்றார். பயமில்லை, வேண்டாம் என்றேன். "இல்லாத வீட்டுக்காக ஏன் பணம் செலுத்துவாய்?" என்று கேட்டார். என் தமிழும் அவர் தமிழும் அந்த இடத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டன. கும்பிட்டுவிட்டு வந்தேன். இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, கன்னியம்மாள் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்த குச்சுக்கு மாறினேன். வலைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க இடம். "இன்னா கண்ணு, அப்பனுக்கு ராஜ உபசாரம், நீ இங்க எலிக்குத் துணையா?" என்றாள் அவள். வாடகை என்று எதையும் அவள் வாங்கவில்லை.

விடுதியில் ஐயா இருந்தது ஒன்றரை வருஷம். அங்கே படுக்கையில் பேதமில்லை. இலவசத்துக்கும் அதே கட்டில், அதே கஞ்சி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், மறைப்பானேன். பக்கத்துக் கட்டிலில் காத்திவாக்கத்துக் கிழவர் ஒருவர், காலமெல்லாம் கட்டுமரம் வலித்தவர். "இவருக்கு ஒரு கம்பளி வாங்கிக் குடுட்டி, ரங்கூன் வாடகையில" என்று உத்தரவு போட்டார் ஐயா. வாங்கினேன். கிழவர் கம்பளிக்குள் இருந்துகொண்டு, "ஒங்க நைனா தர்மப் பிரபும்மா" என்று கும்பிட்டார். ஐயாவின் முகத்தில் அன்று பழைய கல்லாக் களை வந்தது. அந்தக் களையைப் பார்த்தபோது கொடுத்த காசெல்லாம் எனக்குச் சின்னதாகப் போயிற்று.

மார்கழியில் ஐயாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. ரைட்டரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். முப்பத்தாறாம் தெருக் கட்டடம் முழுவதும் மகள் பொன்னுத்தாய்க்கு. கீழே கடையை வாடகைக்கு விட்டு, மேலே அவள் குடியிருக்கலாம். கிழக்கு ஜன்னலை மழைக்காலத்தில் சாத்தி வைக்கவேண்டும். வலது கையால் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு மதர் வந்தார். பொய்ச்சாட்சி பாவம் என்று நாள்தோறும் ஜெபிக்கிறவர். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளைப் புள்ளைக்கு ஒரு எடம் வச்சிட்டுத்தான் போறேன்" என்றார். இரண்டு நாளில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம், கன்னியம்மாள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரைட்டர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார் போலிருக்கிறது.

"ரங்கூன்ல மாடி வூடு உன் பேர்ல கீதாமே? நெசமா?"

"ஆமாக்கா."

முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்ப கப்பலேறிடுவ. சொந்த வூட்ட வுட்டுட்டு எவ இந்தக் குச்சுல கெடப்பா. போ கண்ணு, நல்லாயிரு" என்றாள்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. கிழக்கே போகிறதோ எங்கே போகிறதோ, எனக்கு ஒரு கணம் நெஞ்சு அதன் பின்னாலேயே ஓடியது. பிறகு அவளுடைய மீன் நாறும் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"எப்படிக்கா போறது? அங்க ஆளுங்க குடியிருக்காங்க. காலி பண்ணச் சொல்ல மனசு வரல" என்றேன்.