கலையரசன் வெட்டிய கம்பிகள்

களமருதூர் பக்கம் கிணற்று மோட்டார்களுக்கு ஒயரிங் செய்பவர் கலையரசன். தங்கை தேவதர்ஷினியின் வயலுக்கும் அவர்தான் கேபிள் இழுத்தார். கேபிளின் தோலுக்குள் சுற்றியிருக்கும் இரும்புக் கம்பிகளை ஒரு முனையில் மோட்டாரின் உடம்போடும் மறுமுனையில் எர்த்தோடும் சேர்த்து முடுக்க வேண்டும். மோட்டாரில் கரண்டு கசிந்தால் அது அந்தக் கம்பி வழியே போய் ஃபியூஸ் எரிந்துவிடும். தொடுகிற ஆள் பிழைப்பான். அப்படி முடுக்கிப் பிடிக்கிற கிளாண்டு என்ற உலோகப் பூட்டு அன்று கையில் இல்லை. கம்பிகளை வெட்டி டேப் சுற்றிவிட்டார்.

“ரெண்டு நாள்ல வந்து மாட்டிடறேன் மாப்ள, நீ ஓட்டிக்கினு இரு” என்று தங்கை கணவன் பகலவனிடம் சொன்னார். பிறகு மறந்துபோனார். ஐப்பசி மழையில் மோட்டாரைத் தொட்ட பகலவன் கரண்டு அடித்து அங்கேயே இறந்தான்.

காரியம் முடிந்ததும் தங்கையிடம் உண்மையைச் சொன்னார்.

“மோட்டார் பழசு, அதான்னு எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க. நீ இன்னாத்துக்குண்ணா சொன்ன?” என்று அவள் அழுதாள்.

அதன்பின் தான் இணைத்த மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பார்த்தார். இன்னும் இரண்டு இடங்களில் கம்பிகளை வெட்டியிருந்தார். அவற்றைச் சரிசெய்தார்.

மறுவருஷப் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனார். தங்கை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.