காலைப் பார்த்துப் பாட்டு விற்ற கதை

கிராமபோன் தட்டு வியாபாரத்தில், சரக்கை முழுக்க அனுபவித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று எழுந்து போகிறவனை ஒன்றும் செய்ய முடியாது. நீங்களும் இந்தத் தொழிலில் அடிபட்டவரானால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

1940-களில் திருத்தணி கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னத் தட்டுக் கடை. எங்கள் வட்டாரத்துக்கே ஒரு ஏஜென்சிதான் என்று தட்டு தயாரிக்கும் சென்னைக் கம்பெனி சொல்லிவிட்டது. எனக்கும் அரக்கோணத்துக் கடைக்காரர் ஒருவருக்கும் போட்டி. கிடைக்காவிட்டால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

இரண்டு ஊதுவத்தி

அந்தக் கம்பெனி முதலாளிதான் எனக்குத் தெய்வம். புதுத் தட்டு வந்தால் யாரிடமும் அபிப்பிராயம் கேட்க மாட்டாராம். கிடங்கு ஆட்களைக் கூப்பிட்டுப் பாட்டைப் போட்டு, அவர்கள் கால் தாளம் போடுகிறதா என்று மட்டும் பார்ப்பாராம். வாய் பொய் சொல்லும், கால் சொல்லாது என்பது அவர் சித்தாந்தம்.

கேள்விப்பட்ட அன்றே, இனி நானும் வருகிறவர்கள் காலைப் பார்த்துத்தான் விற்பது என்று முடிவு கட்டி, அவர் படத்தைக் கேட்டலாகிலிருந்து வெட்டி, கண்ணாடி போட்டு மாட்டினேன். கடைக்கு வந்த என் மனைவி படத்தடியில் புகைந்த ஊதுவத்திகளை எண்ணினாள்.

"முருகனுக்கு ஒரு ஊதுவத்தி, இவருக்கு ரெண்டா? இவரு எந்த மலைமேல கீறாருங்க?"

பள்ளிப்பட்டு ரசிகர்

சித்திரை வெயில். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மலையிறங்கி வந்த பள்ளிப்பட்டு விவசாயி ஒருவர் கடை வாசலில் நின்றார். நாடகப் பாட்டைப் போட்டேன். மனிதர் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கி ஆடினார். விடுவேனா? தட்டைத் திருப்பி மறுபக்கத்தையும் போட்டு, "எடுத்துக்குங்க நைனா" என்றேன்.

"பாட்டு நல்லாத்தான் கீதுங்க. செருப்பில்லாம வந்ததுல காலு கொப்பளிக்குது, கொஞ்சம் உள்ள நெழல்ல குந்திக்கட்டா?"

பொதட்டூர்பேட்டைக் கால்

அடுத்து, பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு நெசவாளி. இவரை நிழலில், பெஞ்சில் உட்காரவைத்தேன். கீர்த்தனைக்கும் கால் ஆடியது, ஒப்பாரிக்கும் ஆடியது. இப்பேர்ப்பட்ட ரசிகரா என்று பூரித்துப்போய் ஆறு தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தேன்.

"தறி மிதிக்கிற காலுங்க, சும்மா குந்தினாலே ஆடும். எங்கூட்ல பாட்டுப் பொட்டியே இல்லீங்களே!"

தெய்வமே வந்தது

ஒருநாள் சாமி கும்பிட வந்த முதலாளி, ஏஜென்சி விஷயத்தை முடித்துவிடலாம் என்று நேரே என் கடைக்கே வந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்ததிலேயே உசத்தியான தட்டை வைத்துச் சாவி கொடுத்துவிட்டு, அவர் காலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். கட்டைவிரல்கூட அசையவில்லை. என் பிழைப்பே அந்த விரலில்தான் இருந்தது. 'முருகா, ஒரே ஒரு தரம் ஆட்டிக் காட்டு' என்று மனசுக்குள் கெஞ்சினேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கடைசியில் கால் அசைந்தது. ஆனால் அவர் எழுந்துகொள்வதற்காக அசைந்தது.

"தம்பி, தட்டுல முள்ளு மாட்டிகினு பாடகரு அப்போலேர்ந்து ஒரே வரியைப் பாடிகினு கீறாரு, நீ என்னாடான்னா என் காலையே பாத்துகினு கீறே. பேசாம செருப்புக் கடை வெச்சுடு, ஓஹோன்னு வருவே!"

ஏஜென்சி அரக்கோணத்துக்குப் போனது. நானோ தெய்வ வாக்கைத் தட்டாமல், மலையேறுகிறவர்களில் பாதிப் பேர் செருப்பைத் தொலைத்துவிட்டு இறங்கும் இந்த ஊரில் செருப்புக் கடை வைத்து, அவர் சொன்னபடியே ஓஹோ என்று வந்துவிட்டேன்.