பன்னிரண்டை இருபத்தொன்றாகப் படித்த என் வீட்டுக்காரர்

போன வருடம் ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்து, தென்காசி பஸ்ஸெல்லாம் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக நிறைந்திருந்தது. எனக்கு மட்டும் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு அழுக்கு. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அழுக்கு கண்ணாடியில் இல்லை, கண்ணில் இருந்தது.

நான் குத்துக்கல்வலசை செல்லம்மாள். வயது ஐம்பத்தெட்டு. திருநெல்வேலியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண் போனது போனதுதான், இடது கண்ணை ஊசி போட்டுக் காப்பாற்றலாம் என்றார். ஆனால் சொன்ன தேதியில் வர வேண்டும், தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும் என்றார். தேதி போனில் வருமாம்.

வந்தது. தட்டினால் ஆஸ்பத்திரியின் பக்கம் திறந்தது. வெள்ளைத் தாளில் சாம்பல் தூவியது மாதிரி எழுத்து, கடுகு கடுகாக. என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். பட்டாளத்தில் இருபது வருடம் இருந்தவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இருபத்தொன்றாம் தேதி என்றார். அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே போய் நின்றோம். பன்னிரண்டாம் தேதியே வந்திருக்க வேண்டுமாம். ஒன்பது நாள் தாமதம். கண்ணுக்குள் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சத்தம் போட்டார்.

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரரை நான் பேசாத பேச்சில்லை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், தெரிந்ததுதானே. ஆலங்குளம் தாண்டியும் ஓயவில்லை. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவூர்சத்திரத்தில் கூட்டம் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏட்டி, எனக்கு எழுத்து நிக்காதுட்டி. முன்னயும் பின்னயும் மாறி மாறி ஓடுது. பள்ளிக்கூடத்துல இதுக்குத்தான் அடி வாங்குனேன். ஒங்கிட்ட சொல்ல வெக்கம்."

முப்பத்திரண்டு வருடக் கல்யாணம். கண்ணாடி எடுத்து வரவில்லை, நீயே படி என்பார். சுரண்டை பஸ்ஸைக்கூட கண்டக்டரிடம் கேட்டுத்தான் ஏறுவார். பட்டாளத்து மிடுக்கு என்று நினைத்திருந்தேன் நான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்திக்குக் கண் தெரியாது, ஒருவருக்கு எழுத்து நிற்காது. அடுத்த தேதியை யார் படிப்பது? அதுவும் தவறினால் எனக்கு இருட்டுதான்.

அந்த மாதக் கார்த்திகை நட்சத்திரத்தன்று பண்பொழி மலைக் குமரன் கோயிலுக்கு ஏறினோம். படிக்குப் படி அவர் என் கையைப் பிடித்திருந்தார். சன்னதியில் நான் கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். பன்னிரண்டு கண் வைத்திருக்கிறாயே, எனக்கு ஒன்றைக் கொடுத்தால் குறைந்தா போவாய் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் விபூதியை என் நெற்றியில் பூசி, இறங்கலாம் என்றார்.

அடிவாரத்தில் சுக்குக்காப்பி குடிக்க உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு அக்கா போனைக் காதோரம் வைத்திருந்தார். போன் அன்றைய செய்தியைத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தது. பேச்சுக் கொடுத்தேன். பெயர் கோமதி, சுரண்டைக்காரர், தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். என்னைவிட அவருக்குப் பார்வை குறைவு. என் கதையைக் கேட்டுவிட்டு என் போனை வாங்கினார். எழுத்தைப் பெரிதாக்கினார். திரையைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்கினார். விளம்பரமும் படமும் ஒதுங்கி எழுத்து மட்டும் நிற்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கக் கற்றுக்கொடுத்தார். வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டார். அப்புறம் போனை வாசிக்கச் சொன்னார். அது வாசிக்க வாசிக்க, அந்தந்தச் சொல் மட்டும் நிறம் மாறியது.

எனக்குப் பாதி தெரிந்தது, மீதி காதில் விழுந்தது. சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அவரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். போன் ஒரு சொல், இவர் ஒரு சொல்.

"ஏட்டி, நிக்குதுட்டி" என்றார்.

"அண்ணாச்சி, எழுத்து ஓடுதவங்களுக்கும் இது ஒத்தாசதான். அவசரப்படாம வாசிங்க" என்றார் கோமதி அக்கா. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து போய் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த தேதி வந்தபோது எண்ணை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அவரே வாசித்தார். போனும் வாசித்தது. இரண்டும் ஒன்றாக இருந்தது. அன்று முதல் ஒரு ஊசியும் தவறவில்லை. இடது கண் அப்படியே நிற்கிறது என்று போன மாதம் டாக்டர் சொன்னார். போன பார்வை திரும்பாது. நான் கண் கேட்டேன், குமரன் கண் தரவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் படிப்பைத் தந்துவிட்டான். கேட்டது ஒருத்தி, கிடைத்தது இரண்டு பேருக்கு. எனக்கு நிறைவாக இருக்கிறது.

போனில் இதைப் படிக்கும் நம் குமரன் அடியார் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் மயில்தோகைப் படத்துக்கு நடுவே சிவப்பு எழுத்தில் போற்றி போடுகிறீர்கள். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை என் போன் வாசிக்காது. எங்களுக்கு அது வெறும் மயில். கீழே அதையே எழுத்தாகவும் தட்டிப் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

உங்கள் வீட்டில் படிக்கத் தயங்குகிறவர் இருந்தால் சத்தம் போடாதீர்கள். என்னிடம் கூட்டி வாருங்கள், போனில் செய்து தருகிறேன். அதற்கு முன் குமரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சண்டை போட்டுக்கூடச் சொல்லலாம், அவன் கோபிக்க மாட்டான்.

இதை நான் சொல்லச் சொல்லப் போன் எழுதியது. பிழை இருக்கிறதா என்று முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டியது என் வீட்டுக்காரர். அவர் அடி வாங்கிய விஷயம் வரும் வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ட்டி. என்ன மாதிரி ஒருத்தன் படிப்பாம்லா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியை வாசித்தார்.