ஐந்து மணி எழுத்து

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது அந்தப் பழைய வீடியோவைத் தேடிப்பிடித்துப் போட்டுவிடுவார்கள். கால் முளைத்த சாக்குக்கட்டி ஒன்று குடுகுடுவென்று ஓடிவந்து கரும்பலகையில் ஓர் எழுத்தை வரையும். எழுத்து பெரிதாகி, அதன் பின்னாலிருந்து ஒரு மிருகம் எட்டிப் பார்க்கும். ‘இதைப் பார்த்து வளர்ந்தவங்க யாரு?’ என்று ஒருவர் கேட்பார். உடனே நாற்பது பேர் இதயம் போடுவார்கள். அதெல்லாம் பொற்காலம் என்று இன்னொருவர் பெருமூச்சு விடுவார். நான் அதைத் திறப்பதில்லை. குழுவை விட்டே போய்விடலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஏன் போனாய் என்று கேட்பார்களே என்று இருந்துவிடுகிறேன்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊரில் இருந்தது பஞ்சாயத்து டிவி ஒன்றுதான். இரும்புக் கதவு போட்ட சின்ன அறை, சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பார்கள். சிறுவர் நிகழ்ச்சியில் முதலில் எழுத்து வரும், நாளுக்கு ஒன்று. ஒரு பெண் குரல் எழுத்தைச் சொல்லிவிட்டு, நாம் திருப்பிச் சொல்வதற்காகக் கொஞ்சம் இடம் விடும். அந்த இடத்தில் நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம். எனக்கு எல்லா எழுத்தும் பள்ளியிலேயே பாடம். ஆனாலும் ஒரு நாள்கூட விடாமல் போனேன். அது அக்காவுக்காக.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தாயில்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை. அவள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காததற்குக் காரணம் நான்தான். அப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனால் என்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் இடுப்பை விட்டு இறங்கியதும் அவளைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார்கள்.

கம்பெனியில் பேக்கிங் அறை என்று ஒன்று தனியாக இருந்தது. தீபாவளிப் பெட்டிக்குள் என்னென்ன வைக்க வேண்டும் என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும், அதைப் படித்து அடுக்க வேண்டும். அங்கே மருந்து கிடையாது. முந்தின வருடம் அக்காவின் வரிசையில் ஓர் அறை போய்விட்டிருந்தது. வெடித்தது என்று எங்கள் ஊரில் சொல்லமாட்டோம், போய்விட்டது என்றுதான் சொல்வோம். அதற்குப் பிறகு போர்மேன் அக்காவிடம், “எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டு, மறுநாளே உன்னைய பேக்கிங்குல போடுறேன்” என்று சொல்லியிருந்தார். அம்மா அதைச் சாமி சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டாள்.

ஆனால் வேன் வந்து சேர ஆறரை மணி ஆகிவிடும். அதனால் டிவியில் வந்த எழுத்தை நான் வீட்டில் மறுபடி நடத்திக் காட்டுவேன். சாக்குக்கட்டியைக் குடுகுடுவென்று ஓட்டி, சிலேட்டில் எழுத்தைப் போட்டு, சிலேட்டுக்குப் பின்னாலிருந்து நானே மிருகமாக எட்டிப் பார்ப்பேன். நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பொடி மின்ன, அக்கா சுவரில் சாய்ந்து பார்ப்பாள். மூன்றாவது தடவை எட்டிப் பார்க்கும்போது தூங்கியிருப்பாள்.

“டிவில பாத்தாத்தான் பாப்பா மனசுல நிக்கிது. நீ போட்டா சிரிப்புல்ல வருது” என்றாள் ஒரு நாள்.

அவள் டிவியில் பார்க்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது செக்கிங். ஆபீசர்கள் ஜீப்பில் வருகிறார்கள் என்று தகவல் வந்தால், கம்பெனியில் சின்னப் பிள்ளைகளை எல்லாம் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். ஜீப் போகிறவரை முள்ளுக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே ஊருக்கு நடந்து வந்துவிடுவார்கள். அப்படி இரண்டு தடவை அக்கா நாலு மணிக்கே வந்து, என்னோடு டிவி அறையில் உட்கார்ந்தாள். வளர்ந்த பெண் என்பதால் கத்த வெட்கம். வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அந்த இரண்டு எழுத்தும் அவளுக்கு மறக்கவே இல்லை. செக்கிங் தினமும் வரக்கூடாதா என்று நான் சாமி கும்பிட ஆரம்பித்தேன்.

சாமி கேட்டுவிட்டது. ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு ஜீப்பில் ஓர் அம்மா வந்தார்கள். கஞ்சி போட்ட சேலை, சிரித்த முகம். ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துவிட்டு, “வீட்ல அண்ணன், அக்கா யாராவது ஸ்கூலுக்குப் போகாம வேலைக்குப் போறாங்களா கண்ணு?” என்று கேட்டார்கள். வகுப்பே வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கும்தான் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

அக்காவின் பேரைச் சொன்னேன். கம்பெனி பேரையும் சொன்னேன். அந்த அம்மா எழுத ஆரம்பித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “நீங்க முன்வாசல்ல போனா அவுக எல்லாம் பின்வாசல்ல ஓடிருவாக. பின்வாசலுக்கே போங்க. ஆனா நாலு மணிக்குள்ள வந்துருங்க, அஞ்சு மணிக்கு எழுத்து போட்ருவாக” என்றேன். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா எனக்கு மட்டும் இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்கள். அதைப் பாதி தின்றுவிட்டு மீதியை அக்காவுக்குக் கொண்டுபோனேன்.

மறுவாரம் கம்பெனியின் பின்வாசலில் பதினோரு பிள்ளைகள் பிடிபட்டார்கள். அக்காவை ஜீப்பிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளியில் சேர்க்கப்போவதாக அம்மாவிடம் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள், அதற்கப்புறம் வரவில்லை. போர்மேன் வாசலில் நின்று, “இனிமே இந்தப் பிள்ளைய அனுப்பிராதீக. எவனோ மொட்டைப் பெட்டிசன் போட்டுட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டிசன் என்றால் காகிதத்தில் எழுதிப் போடுவது என்று எனக்குத் தெரியும். நான் எதையும் எழுதவில்லை.

அதன்பிறகு வந்த இருபது நாள்தான் நான் என் அக்காவோடு வாழ்ந்த காலம் என்று சொல்வேன். தினமும் ஐந்து மணிக்கு இருவரும் கைகோத்துக்கொண்டு போவோம். அதில் பாதி நாள் போனதும் அவள் வெட்கம் விட்டுக் கத்த ஆரம்பித்தாள், எங்களைவிடச் சத்தமாக. திரும்பி வரும்போது சுவரொட்டிகளை விரலால் தடவி, தெரிந்த எழுத்தை எல்லாம் சொல்வாள். “பேக்கிங்குல நான் கேக்காமலே போட்ருவாக பாரு” என்பாள். வீட்டில் ஒரு வேளைதான் உலை வைத்தார்கள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்தொன்றாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை ஒன்றில் யாரோ ஒருவன் திருட்டுத்தனமாக மருந்து அடைத்துக்கொண்டிருந்தான். லைசென்ஸ் கிடையாது, ஜன்னல்கூடக் கிடையாது. செக்கிங்கும் வராது. பெட்டிசனுக்குப் பயந்து கம்பெனிகள் நிறுத்திவிட்ட பிள்ளைகளை எல்லாம் அவன்தான் சேர்த்துக்கொண்டான். “சீசன் முடியட்டும்மா, அதுக்குள்ள எழுத்து பூராம் வந்துரும். பெறகு எனக்கென்ன” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாறு நாள் இருக்கும். நான் டிவி அறையில் உட்கார்ந்திருந்தேன். சாக்குக்கட்டி ஓடிவந்து எழுத்தைப் பாதி வரைந்தபோது சத்தம் கேட்டது. இரும்புக் கதவு அதிர்ந்தது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் முதலில் அழமாட்டார்கள். வெளியே வந்து, புகை எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பார்கள். கண்மாய்ப் பக்கம் என்று தெரிந்ததும் எல்லாரும் ஓடினார்கள். அந்தப் பெண் குரல் எழுத்தைச் சொல்லி இடம் விட்டது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அக்காவுக்குச் சொல்ல வேண்டுமே என்று கத்திச் சொன்னேன்.

கொட்டகையில் ஆறு பிள்ளைகள். அக்காவை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. துணி சுற்றி அப்படியே எடுத்துப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, “கம்பெனியிலயே இருந்திருந்தா பிள்ள இருந்திருக்குமே, பாவி பெட்டிசன் போட்டு அனுப்பி வச்சானே” என்று அழுதார்கள். அம்மா அவர்களை உதறிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். தலையை விரித்துப்போட்டு, “எம் பிள்ளையக் காட்டிக் கொடுத்த வாயி புழுத்துப் போகும். அது நல்லாருக்குமா? அது வெளங்குமா?” என்று தெருமண்ணை வாரித் தூற்றினாள்.

எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவள் ஒரு கையால் வாரினாள், நான் இரண்டு கையாலும் வாரினேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லி, கை வலிக்கிறவரை தூற்றினேன். அந்த வாய் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.